ஒரு படகின் சுக்கானை இன்னொரு சிறு பாய்ப்படகில் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கடலை நம்பி வாழ்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், பயிற்சிக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ சிறிய பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. அப்படிப்பட்ட படகு ஒன்றின் சுக்கான் உடைந்தாலோ தொலைந்தாலோ அதற்கென்றே செய்த சுக்கானை உள்ளூர்க் கடையில் போய் வாங்கிவர முடியாது. ஆனால் உடல் உடைந்து கிடக்கும் வேறொரு படகின் சுக்கான் யாராவது ஒருவருடைய கொட்டகையில் இருக்கும். அதை எடுத்துத் தம் படகில் மாட்ட முடியுமா என்று நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றங்கரையில் படகு பழுதுபார்க்கும் என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொன்ன விடைகளைக் கேள்வி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். இவை அனைத்தும் பின்பலகையில் தொங்கும் சுக்கானைப் பற்றியவை. படகின் அடியில் துளையிட்டு இறக்கிய சுக்கானைப் பற்றியவை அல்ல.

சுக்கானின் பாகங்களை எந்தப் பெயர்களால் குறிப்பிடுகிறீர்கள்?

தண்ணீருக்குள் இறங்கும் பகுதியைப் பலகை என்றும், அந்தப் பலகையை இருபுறமும் கவ்விப் பிடித்திருக்கும் மேற்பகுதியைத் தலை என்றும், தலையிலிருந்து படகுக்குள் நீண்டு நம் கைக்கு வரும் கம்பை டில்லர் என்றும் சொல்கிறேன். படகின் கடைப்பக்கத்தை அடைத்து நிற்கும் செங்குத்துச் சுவர் பின்பலகை ஆகும். சுக்கான் அதில் தொங்குவது, பழைய வீட்டு வாசற்கதவு நிலையில் தொங்குவதைப் போன்றதுதான்: ஒருபுறம் முளை, மறுபுறம் அந்த முளை நுழையும் வளையம். படகுச் சாமான் விற்பவர்கள் முளையைப் பின்டில் என்றும் வளையத்தைக் கட்ஜன் என்றும் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சில படகுகளில் முளைகள் சுக்கானிலும் வளையங்கள் படகிலும் இருக்கும். லேசர் வகைப் படகு அப்படிப்பட்டது. வேறு சிலவற்றில் இது தலைகீழாக இருக்கும். மேல் முளையின் நடுவையும் கீழ் முளையின் நடுவையும் இணைக்கும் கற்பனைக் கோடு எதுவோ அதுவே சுக்கானின் அச்சு. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கோட்டைப் பற்றியவையே.

எந்தப் படகின் சுக்கான் என் படகுக்குச் சரிவரும்?

படகின் நீளத்தையும் பாயின் பரப்பையும் முதலில் ஒப்பிடுங்கள். ஆப்டிமிஸ்ட் எனப்படும் சிறுவர் படகு 2.36 மீட்டர் நீளமும் சுமார் 3.3 சதுர மீட்டர் பாயும் கொண்டது. லேசர் ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளமும் 7.06 சதுர மீட்டர் பாயும் கொண்டது. லேசரின் சுக்கானை ஆப்டிமிஸ்டில் மாட்டினால் படகு திரும்பத்தான் செய்யும், ஆனால் தேவைக்கு மிஞ்சிய ஆழத்தில் பலகை தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். அதைவிட முக்கியமாக, அவ்வளவு நீண்ட பலகை தரும் நெம்புவிசைக்காக ஆப்டிமிஸ்டின் பின்பலகை செய்யப்படவில்லை. மாறாக ஆப்டிமிஸ்டின் சுக்கானை 4 மீட்டர் படகில் மாட்டினால் இளங்காற்றில் குறையே தெரியாது. காற்று ஒரு வீச்சாக வந்து படகு சாயும்போது பலகை பிடியிழந்து, டில்லரை எவ்வளவு இழுத்தாலும் படகு தன் போக்கில் காற்றை நோக்கித் திரும்பும்.

இரண்டு பலகைகளின் பரப்பை ஒப்பிட ஓர் எளிய வழி உண்டு. தண்ணீருக்குள் இருக்கும் பகுதியை மட்டும் ஒரே வகை அட்டையில் வரைந்து வெட்டி, இரண்டு வெட்டுகளையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடைகளின் விகிதமே பரப்புகளின் விகிதம். உங்கள் படகின் பழைய பலகையைவிடப் புதியது ஐந்தில் ஒரு பங்குக்குள் கூடியோ குறைந்தோ இருந்தால் நான் தயங்காமல் வேலையைத் தொடங்குவேன். ஒன்றரை மடங்குக்கு மேல் போனால், வேறு சுக்கான் தேடுங்கள் அல்லது தலையை மட்டும் வைத்துக்கொண்டு புதுப் பலகை செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

சுக்கானைப் பார்க்கப் போகும்போது எவற்றை அளந்துகொண்டு போக வேண்டும்?

உங்கள் படகில் இரண்டு வளையங்களுக்கும் இடையே உள்ள தூரம், வளையத் துளையின் விட்டம், பின்பலகையின் முகத்திலிருந்து துளையின் நடுவுக்கு உள்ள தூரம், கீழ் வளையத்திலிருந்து படகின் அடிவரை உள்ள உயரம், பின்பலகையின் சாய்வு ஆகிய ஐந்தையும் எழுதிக்கொண்டு போங்கள். துளையின் விட்டத்தை அளவுகோலால் அளக்காமல் வெர்னியர் காலிபரால் அளக்க வேண்டும். சிறு படகுகளில் 6, 8, 10 மில்லிமீட்டர் முளைகளும், அங்குலக் கணக்கில் செய்த 6.35, 7.94, 9.53 மில்லிமீட்டர் முளைகளும் கலந்து புழங்குவதால் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவது கையில் ஒன்றாக இருக்காது.

சாய்வை அளக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். படகைத் தண்ணீரில் மிதக்கும் நிலைக்கு ஏற்றபடி ரசமட்டம் வைத்து நிறுத்திவிட்டு, பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து குண்டை இறக்குங்கள். 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நூல் பின்பலகையிலிருந்து 8 சென்டிமீட்டர் விலகியிருந்தால் சாய்வு ஏறத்தாழ 15 பாகை.

இரண்டு சுக்கான்களின் முளை இடைவெளி வேறுபடுகிறது. படகில் மாற்றுவதா, சுக்கானில் மாற்றுவதா?

முடிந்தவரை சுக்கானில்தான் மாற்ற வேண்டும். சுக்கானில் தவறாகப் போட்ட துளை ஒரு மரத்துண்டைக் கெடுக்கும்; பின்பலகையில் தவறாகப் போட்ட துளை படகுக்குள் தண்ணீரை விடும், ஒட்டுப்பலகைப் படகாக இருந்தால் உள்ளிருந்தே அழுகத் தொடங்கும். ஆகவே தலையில் உள்ள முளைகளைக் கழற்றி, பழைய துளைகளை எப்பாக்ஸி (இரு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) நிரப்பி மூடி, உங்கள் படகின் வளையங்களுக்கு நேராகப் புதிய இடத்தில் முளைகளைப் பொருத்துவதே முதல் வழி. தலை அதற்குப் போதுமான உயரம் இல்லாதிருந்தால் 19 மில்லிமீட்டர் மரைன் ஒட்டுப்பலகையில் புதுத் தலையே செய்துவிடலாம். வெறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை அது.

இடைவெளியைக் குறைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு ஒரு சிறு கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது, இதை மட்டும் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 0.12 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு பலகை 5 நாட் வேகத்தில், அதாவது விநாடிக்கு 2.57 மீட்டரில், தன் முழுப் பிடியையும் காட்டும்போது அதன்மேல் பக்கவாட்டில் விழும் விசை ஏறத்தாழ 41 கிலோ எடைக்கு ஈடானது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அந்த விசை கீழ் முளைக்கு 40 சென்டிமீட்டர் கீழே குவிகிறது என்று வைத்துக்கொள்வோம். முளைகளுக்கு இடையே 30 சென்டிமீட்டர் இருந்தால் மேல் முளை சுமார் 55 கிலோவையும் கீழ் முளை 96 கிலோவையும் தாங்க வேண்டும். இடைவெளியை 20 ஆகக் குறைத்தால் மேல் முளையின் சுமை 82 ஆகவும் கீழ் முளையின் சுமை 123 ஆகவும் ஏறிவிடும். காற்றும் பாயும் பலகையும் மாறவில்லை. பத்து சென்டிமீட்டர் நெருக்கியதற்கே இவ்வளவு. எனவே பின்பலகையின் உயரம் இடம் கொடுக்கும் மட்டும் முளைகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

முளைக்கு முளையே எதிர்ப்பட்டால், அதாவது படகிலும் முளை சுக்கானிலும் முளை என்று அமைந்தால், அப்போதும் சுக்கானில் உள்ளதைக் கழற்றி வளையமாக மாற்றுவதே முறை.

பின்பலகையின் சாய்வு வேறுபட்டால் என்ன ஆகும்?

பலரும் பார்க்கத் தவறுவது இதைத்தான். மேல்விளிம்பு பின்னோக்கிச் சாய்ந்த பின்பலகைக்காகச் செய்த சுக்கானைச் செங்குத்தான பின்பலகையில் மாட்டினால், சுக்கான் முழுவதும் அந்தச் சாய்வின் அளவுக்குச் சுழன்று நிற்கும். 15 பாகை வேறுபாட்டில் 90 சென்டிமீட்டர் டில்லரின் நுனி 23 சென்டிமீட்டர் கீழே போய்விடும். மாட்டிய அன்றே அது மேல்தளத்தில் இடிக்கும். அதே நேரத்தில் 70 சென்டிமீட்டர் பலகையின் அடிநுனி 18 சென்டிமீட்டர் பின்னால் போகும். எதிர்த்திசையில் மாற்றினால் டில்லர் நெஞ்சுக்கு நேராக ஏறி நிற்கும், பலகையின் நுனி படகின் அடியில் முன்னோக்கி நுழையும்.

இதைச் சரிசெய்ய இரண்டு இடங்கள் உள்ளன. டில்லர் நுழையும் தலைப்பகுதியை வேறு கோணத்தில் வெட்டலாம், அல்லது முளைகளுக்கு அடியில் ஆப்பு வடிவ மரத்துண்டுகளைக் கொடுத்து அச்சையே திருத்தலாம். ஆப்பு மேலும் கீழும் வெவ்வேறு தடிமனில் இருக்க வேண்டும் என்பதால், முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்க்காமல் மரத்தில் கைவைக்காதீர்கள். சிறிய வேறுபாடாக, ஐந்து பாகைக்குள் இருந்தால், டில்லரை மட்டும் திருத்திவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடலாம்.

கூடவே இன்னொன்று: டில்லரை இருபுறமும் 45 பாகைவரை திருப்பிப் பாருங்கள். அகலமான தலையின் முன்மூலைகள் பின்பலகையில் முட்டினால் அந்த முட்டலே நெம்புகோலாக மாறி முளைகளைப் பிடுங்கும். மூலைகளைச் சரித்து இழைத்தால் போதும்.

முளை 8 மில்லிமீட்டர், வளையம் 9.5 மில்லிமீட்டர். அப்படியே போட்டு ஓட்டலாமா?

கூடாது. கடகடவென்று ஆடும் சுக்கான் ஒவ்வொரு அலைக்கும் வளையத்தைச் சிறிது சிறிதாக அரிக்கும். தட்டாஞ்சாவடியிலோ மேட்டுப்பாளையத்திலோ உள்ள ஒரு லேத் பட்டறையில் டெல்ரின் என்ற கடினப் பிளாஸ்டிக் உருளையைக் கடைந்து, வெளிவிட்டம் வளையத்துக்கு இறுக்கமாகவும் உள்விட்டம் முளைக்குத் தளர்வின்றியும் இருக்கும்படி புஷ் எனப்படும் குழல் உறை செய்யச் சொல்லுங்கள். நைலானும் ஆகும், ஆனால் நைலான் தண்ணீரை உறிஞ்சி உப்பும். முளை சிக்கிக்கொள்ளும் என்பதால் சற்றுத் தளர்வு விட வேண்டும்.

பலகை மிக நீளமாக இருக்கிறது. அடியில் வெட்டலாமா?

வெட்டலாம், என்ன இழக்கிறீர்கள் என்று தெரிந்து வெட்டுங்கள். தண்ணீருக்குள் 60 சென்டிமீட்டர் இறங்கும் சீரான அகலமுள்ள பலகையில் 10 சென்டிமீட்டரை வெட்டினால் பரப்பு ஆறில் ஒரு பங்கு குறையும். ஆனால் விசை குவியும் இடமும் 5 சென்டிமீட்டர் மேலேறுவதால் முளைகளின் மேலுள்ள நெம்புவிசை நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பலவீனமான பின்பலகைக்கு இது நல்ல பேரம். ஆனால் குட்டையான பலகை, படகு நன்றாகச் சாய்ந்திருக்கும்போது மேற்பரப்பிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டு திடீரென்று பிடியை விடும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு மறக்காது. தேநீர்க் கோப்பையின் அடியை உறிஞ்சுவதுபோல் ஒரு சத்தம், அடுத்த நொடி டில்லர் கையில் பாரமே இல்லாமல் போகும்.

தொழிற்சாலையில் செய்த பலகைகள் பலவற்றின் உள்ளே நுரை இருக்கும். வெட்டிய இடத்தில் நுரையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டியெடுத்து, கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்பி மூடாவிட்டால் பலகை தண்ணீர் குடித்து கனத்துவிடும்.

புதுப் பலகை செய்வதென்றால் எந்த மரம், என்ன வடிவம்?

ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ஒட்டுப்பலகை போதுமானது. கடைக்காரர் ஐ.எஸ். 303 முத்திரையுள்ளதைக் காட்டி அதுவும் தண்ணீர் தாங்கும் என்பார். அது சமையலறை அலமாரிக்கு உரியது. தேக்கு நல்லதுதான், ஆனால் ஒற்றைத் துண்டில் செய்தால் வளையும். நாலைந்து பட்டைகளை இழை ஓட்டம் மாற்றி மாற்றி ஒட்டிச் செய்தால் நேராக நிற்கும்.

வடிவத்தைப் பொறுத்தவரை, தட்டையான பலகையின் விளிம்புகளை மட்டும் உருட்டி விடுவது பொதுவழக்கமாக இருக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள் என்று வேண்டிக் கேட்பேன். நாக்கா 0012 என்ற, விமான இறக்கைகளுக்காக வகுத்த பழகிய வடிவத்தில் அகலத்தின் 30 சதவீதத்தில் அதிகத் தடிமனும், அங்கிருந்து பின்விளிம்புவரை நீண்ட சரிவும் இருக்கும். தடிமன் அகலத்தில் 12 சதவீதம். 20 சென்டிமீட்டர் அகலப் பலகைக்கு அது 24 மில்லிமீட்டர் ஆகிறது. 19 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் ஒன்பதரை சதவீதம் கிடைக்கும், அதுவே சிறு படகுக்குப் போதும். இப்படி இழைத்த பலகை, தட்டைப் பலகை பிடியிழக்கும் கோணத்தைத் தாண்டியும் பிடித்து நிற்கும். ஒட்டுப்பலகையில் இழைக்கும்போது உள்ளடுக்குகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு, நிலப்படத்தின் உயரக்கோடுகள்போல் பட்டை பட்டையாகத் தெரியும். அந்தக் கோடுகள் இருபுறமும் ஒரே சீராக ஓடுகின்றனவா என்று பார்த்தாலே இழைப்பு சமமா என்பது தெரிந்துவிடும், வேறு மாதிரி அட்டை தேவையில்லை. பின்விளிம்பைக் கத்திபோல் கூராக்காமல் 2 மில்லிமீட்டர் தடிமனில் சதுரமாக விடுங்கள். கூர் முனை கரை தட்டும் முதல் நாளிலேயே சிதையும்.

தலையின் இடுக்கு அகலம், பலகை மெல்லியது. எப்படி அடைப்பது?

இருபுறமும் சமமாக அடைக்க வேண்டும். சமையலறைக் காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகையை வட்டமாக வெட்டித் திருகாணி நுழையத் துளையிட்டால் தேயாத, வழுக்கும் வாஷர் கிடைக்கும். வாஷரைச் சிறியதாக வெட்டாமல் தலையின் கன்னம், அதாவது பலகையைக் கவ்வும் பக்கம், முழுவதையும் மூடுமாறு வெட்டினால் பலகை ஆடாது.

டில்லர் கையில் மிகக் கனமாக இருக்கிறது. காரணம் சுக்கான்தானா?

எப்போதும் இல்லை. பாய்மரம் பின்னோக்கிச் சாய்ந்திருந்தாலோ, பாய் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தாலோ, படகை மிகச் சாய்த்து ஓட்டினாலோ படகு காற்றை நோக்கி முகத்தைத் திருப்பும். அதைத் தடுக்கும் வேலை முழுவதும் சுக்கானின் மேல் விழும். சுக்கானை மாற்றுவதற்கு முன் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

மாற்றிய பின்தான் கனத்தது என்றால், பலகை அச்சுக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று பாருங்கள். விசை பலகையின் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ கால் பங்கு அகலத்தில் குவிகிறது. 20 சென்டிமீட்டர் பலகையின் முன்விளிம்பு சரியாக அச்சில் இருந்தால் விசை அச்சுக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். மேலே சொன்ன 41 கிலோ விசையில் 90 சென்டிமீட்டர் டில்லரின் நுனியில் கை உணர்வது 2.3 கிலோ. முன்விளிம்பை அச்சுக்கு 2 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்தால் அது 1.4 கிலோவாகக் குறையும். அதற்கு மேலும் முன்னால் இழுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அகலத்தில் கால் பங்குக்கு மேல் முன்னால் போனால் சுக்கான் தானே ஒரு பக்கம் ஓடத் துடிக்கும், கையை விட்டால் படகு சுழலும்.

இனி, தரை தட்டினால் மேலே மடங்கும் வகைப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பாற்றின் முகத்துவாரத்திலும் அரியாங்குப்பத்து ஆற்றின் வாயிலிலும் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பதால் இந்தக் கரைக்கு மடங்கும் பலகையே ஏற்றது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் பலகை பாதி மடங்கிய நிலையில், 45 பாகையில், வேகமாக ஓட்டினால் விசை குவியும் இடம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். கையில் 2 கிலோவாக இருந்தது 13, 14 கிலோவாக ஏறும். டில்லர் முறிவதும் தலையின் கன்னங்கள் பிளப்பதும் பெரும்பாலும் இந்த நிலையில்தான். பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு நெகிழ்ந்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். கனக்கிறது என்று என்னிடம் கொண்டுவரப்படும் சுக்கான்களில் அந்தக் கயிற்றை இறுக்கிக் கட்டியதோடு திருப்பி அனுப்பியவை பல.

பின்பலகையில் புது வளையம் போட்டே ஆக வேண்டும். எப்படிப் போடுவது?

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒட்டுப்பலகைப் படகு ஒன்றில், வேறொரு பெரிய படகின் சுக்கானை மாட்ட வேண்டியிருந்தது. கீழ் வளையத்தை மரத்திருகாணிகளால் பின்பலகையில் முடுக்கினேன். உள்பக்கம் கை நுழையாத இடம் என்பதால் போல்ட் போடவில்லை. வீராம்பட்டினத்துக்கு நேரே பிற்பகல் கடற்காற்றில் திரும்பும்போது ஒரு சின்ன முறுக்கல் காலடியில் தெரிந்தது, பிறகு டில்லர் கீழ்நோக்கி அமுங்கியது. கீழ் வளையம் திருகாணிகளோடு அப்படியே கழன்று சுக்கானில் தொங்கியது. திருகாணிகளின் மரையில் ஈர மரத்தூள் நூல்நூலாகச் சுற்றியிருந்தது. பாயை இறக்கிவிட்டுத் துடுப்பைக் கடைப்பக்கத்தில் ஊன்றிக்கொண்டு, கட்டுமரத்தில் மீனவர்கள் செய்வதுபோல் திசை பிடித்துத்தான் கரைக்கு வந்தேன். படகில் துடுப்பு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்க விருப்பமில்லை.

எனவே திருகாணி வேண்டாம்; ஊடுருவிச் செல்லும் எம்6 போல்ட்டுகளே வேண்டும். உள்பக்கம் கை நுழையவில்லை என்றால் மூடியுள்ள ஓர் ஆய்வுத் துளையை வெட்டிக்கொள்ளுங்கள், அது பின்னாளிலும் பயன்படும். உட்புறத்தில் 9 மில்லிமீட்டர் மரைன் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை, வளையத்தைவிட நான்கு புறமும் பெரிதாக, எப்பாக்ஸியால் ஒட்டி, பெரிய வாஷர் வைத்து முடுக்குங்கள். மரமோ நுரையோ உள்ள பின்பலகையில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முதலில் 10 மில்லிமீட்டர் துளை போட்டு, அதை எப்பாக்ஸியால் முழுதாக நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் 6 மில்லிமீட்டர் துளையிட்டால் போல்ட் வழியே கசியும் தண்ணீர் மரத்தைத் தொடாது. போல்ட்டின் தலைக்கடியில் பாலியூரித்தேன் சீலன்ட் தடவுங்கள். குளியலறைச் சிலிக்கன் நாளடைவில் உரிந்துவிடும், அது தடவிய இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது.

இரண்டு வளையங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்க, துளைகளின் விட்டமுள்ள நீண்ட நேரான கம்பி ஒன்றை இரண்டின் வழியாகவும் நுழைத்துவிட்டு, கம்பி தடையின்றிச் சுழலும் நிலையில் துளைகளைக் குறியுங்கள். கம்பி படகின் நடுக்கோட்டில் நிற்கிறதா என்பதை அணியத்திலிருந்து (படகின் முன்முனையிலிருந்து) ஒரு நூல் கட்டி, பின்பலகையின் இரு மூலைகளுக்கும் அளந்து சரிபாருங்கள்.

எந்த உலோகத்தில் முளை செய்வது?

316 வகைத் துருப்பிடிக்காத எஃகில். பட்டறைகளில் எளிதாகக் கிடைப்பது 304. ஆற்றிலும் உப்பங்கழியிலும் அது சில காலம் தாக்குப்பிடிக்கும், கடலில் வளையத்தின் இடுக்குகளில் பழுப்புக் கறையோடு அரிக்கத் தொடங்கும். 316இல் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் கலந்திருப்பதே வேறுபாடு. காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, ஆகவே பட்டறையில் காந்தத்தைக் காட்டி உறுதி சொன்னால் ஏற்காதீர்கள். பொருள் வாங்கிய சீட்டைக் கேளுங்கள். பித்தளை வேண்டாம், கடல்நீரில் அதன் துத்தநாகம் கரைந்து முளை வெறும் செம்புச் சல்லடையாகி ஒரு நாள் பட்டென்று முறியும். அலுமினியத் தலையில் எஃகு முளை பொருத்துவதானால் இடையே பிளாஸ்டிக் தகடு கட்டாயம் வேண்டும்.

உள்ளூர் ஃபைபர் படகுப் பட்டறையில் பயன்படுத்தும் ரெசின் போதாதா?

2004 சுனாமிக்குப் பிறகு இக்கரையில் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டதால், ரெசின் வேலை தெரிந்த கைகள் இங்கே நிறைய உள்ளன. அவர்களுடைய திறமையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் பயன்படுத்துவது பாலியெஸ்டர் ரெசின். ஃபைபர் படகின்மேல் அது நன்றாக ஒட்டும். மரத்தின்மேல் அவ்வளவு உறுதியாக ஒட்டாது, இறுகிய எப்பாக்ஸியின்மேல் இன்னும் மோசம். மரச் சுக்கானுக்கு எப்பாக்ஸியே வாங்குங்கள். மே மாத வெயிலில் ஒரு டம்ளர் அளவு கலந்தால் கலந்த கலத்திலேயே கொதித்து இறுகிவிடும், சிறிது சிறிதாக அகன்ற தட்டில் கலக்குங்கள். நம் ஈரக் காற்றில் இறுகிய பரப்பில் மெழுகுபோல் ஒரு படலம் படியும்; அடுத்த பூச்சுக்கு முன் அதைத் தண்ணீரால் கழுவித் தேய்க்காவிட்டால் மேல்பூச்சு உரியும்.

பாலியெஸ்டர் ரெசினில் நீங்களே வேலை செய்வதானால் ஒன்றை மறக்கவே கூடாது. அதில் சேர்க்கும் கோபால்ட் திரவத்தையும் ஹார்ட்னரையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்காதீர்கள், தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் தேங்காய்த்திட்டிலும் கடலூர் துறைமுகத்திலும் விசைப்படகுகள் கரையேறி நிற்பதால், வெல்டருக்கும் தச்சருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. முளை, வளையம் போன்ற சிறு வேலைகளை மார்ச்சுக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

ஓட்டும்போது சுக்கான் கழன்று போகாமல் எப்படித் தடுப்பது?

மேல் முளையில் துளையிட்டுக் கம்பி ஊக்கு மாட்டலாம், அல்லது பின்பலகையில் வளைந்த தகடு ஒன்றைப் பொருத்தித் தலை மேலெழாமல் தடுக்கலாம். படகு கவிழ்ந்தால் சுக்கான் தலைகீழாகிறது என்பதை நினைவில் வைத்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் என்பது விளங்கும். அதோடு ஒரு மெல்லிய கயிற்றால் சுக்கானைப் படகோடு கட்டிவையுங்கள். கீழ் முளையை மேல் முளையைவிட ஒரு சென்டிமீட்டர் நீளமாகச் செய்வதும் நல்ல வழக்கம். தண்ணீரில் நின்றுகொண்டு மாட்டும்போது முதலில் கீழ் முளை வளையத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும், பிறகு மேலதை மட்டும் பார்த்தால் போதும்.

மாற்றிய சுக்கானோடு போட்டியில் கலந்துகொள்ளலாமா?

லேசர், ஆப்டிமிஸ்ட் போன்ற ஒரே வகைப் படகுகளின் போட்டிகளில் முடியாது. சுக்கானின் அளவுகள் விதிகளிலேயே வரையறுக்கப்பட்டுள்ளன. பயிற்சிக்கும் சொந்த ஓட்டத்துக்கும் தடையில்லை.

முதல் ஓட்டத்தை எங்கே, எப்போது வைத்துக்கொள்வது?

கடலில் வேண்டாம். உப்பங்கழியின் அமைதியான நீரில், கடற்காற்று எழுவதற்கு முந்தைய காலை நேரத்தில் தொடங்குங்கள். சுண்ணாம்பாற்றில் சுற்றுலாப் படகுகள் போகும் தடத்தை விட்டு விலகி, உயிர்காப்பு அங்கியோடும் துடுப்போடும், கரையில் ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குங்கள். முதலில் பாய் ஏற்றாமல் துடுப்பால் தள்ளி இருபுறமும் முழு வட்டமாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு பாய் ஏற்றி நேராக ஓடும்போது டில்லரை ஒரு கணம் விட்டுவிட்டுப் பாருங்கள். படகு மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்பினால் சரி. காற்றுக்கு அப்பால் திரும்பினாலோ சுக்கான் தானாக ஒரு பக்கம் விழுந்தாலோ கரைக்கு வந்து அச்சைச் சரிபாருங்கள்.

கரைக்கு வந்ததும் சுக்கானைக் கழற்றி, வளையங்களைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். போல்ட் தலைகளைச் சுற்றி ஒரு பென்சில் கோடு போட்டு வைத்திருந்தால் அவை நகர்ந்திருப்பது உடனே தெரியும். மூன்றாவது ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை மீண்டும் முடுக்க வேண்டியிருக்கும். அழுத்தத்தில் மரம் சிறிது அமுங்குவதால் அது இயல்பே. ஐந்தாவது ஓட்டத்திலும் கோடு விலகியிருந்தால் உள்ளே ஒட்டிய பலகைத்துண்டு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அதைத் திறந்து பார்க்காமல் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.